‘வேஸ்ட் மச்சான்’ போதாது: சுமாரான கேமுக்குக் கருத்து எழுதுகிற முறை

கல்முனை பஸ் ஸ்டாண்டுக்குக் கிட்ட ஒரு ஒழுங்கைக்குள் என் கடை இருக்கிறது. முன்பக்கம் போன் திருத்துவது. பின்பக்கத்தைப் பலகை அடித்துத் தடுத்து, இரண்டு பிஎஸ் 4 (பிளேஸ்டேஷன்), ஒரு பிஎஸ் 3 வைத்து மணித்தியாலக் கணக்கில் விளையாட விடுகிறேன். மேசையில் ஒரு சீஆர் கொப்பி (தடித்த அட்டைக் கொப்பி) எப்போதும் கிடக்கும். விளையாடி முடித்தவர் அந்தக் கேமைப் பற்றி அதில் எழுதலாம். உருப்படியாக எழுதினால் கால் மணித்தியாலம் காசில்லாமல் விளையாடலாம். தர்மத்துக்குச் செய்கிற வேலை இல்லை இது. அடுத்த டிஸ்க்குக்குக் கொழும்புக்குக் காசு அனுப்பமுன் எதற்கு ஆள் வரும், எது அலுமாரியில் தூசு பிடிக்கும் என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

கொப்பி தொடங்கின புதிதில் வந்த கருத்துகள் இப்படி இருந்தன: ‘வேஸ்ட் மச்சான்.’ ‘சப்பைக் கேம்.’ ‘கிராபிக்ஸ் சுப்பர், ஸ்டோரி வேஸ்ட், 10க்கு 6.’ இதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? ஆறு என்றால் வாங்கவா, விடவா? யாருக்கு ஆறு? பந்தடிக்கிற பொடியனுக்கா, கதை பார்க்க வருகிறவனுக்கா?

என் மாமா ஒருவர் படுவான்கரையில் கூத்துப் பார்த்து வளர்ந்தவர். அரங்கேற்றம் பார்த்துவிட்டு விடியற்புறம் வருவார். ‘கூத்துச் சரியில்ல’ என்று மொட்டையாக அவர் சொல்லி நான் கேட்டதில்லை. ‘ராசா வரவுக்கு மத்தளம் முந்திப் போட்டுது. கட்டியகாரன்ட பாட்டு களரிக்கு அங்கால கேக்கல்ல. ரெண்டாம் ராசா களைச்சுப் போனான், தருவ விழுங்கிட்டான்’ என்பார். களரி என்றால் கூத்தாடுகிற மேடை, தரு என்றால் பாட்டு. போகாதவனுக்கும் அந்தக் கூத்து கண்ணில் தெரியும். கேமுக்கு எழுதுகிற கருத்திலும் நான் தேடுவது இதைத்தான்.

நல்ல கேமைப் புகழ எல்லாருக்கும் வரும். படுமோசமான கேமை நக்கலடிக்க அதைவிடச் சுலபமாக வரும். நடுவில் கிடக்கிற கேம்தான் ஆளைச் சுத்தும். கோபமும் வராது, ஆசையும் வராது, ஆனால் காசு போயிருக்கும், இரண்டு போயா விடுமுறையும் போயிருக்கும். அதனால் சுமாரான கேமுக்குத்தான் கருத்துக் கவனமாக எழுத வேண்டும். பொடியன்களுக்கு வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனதை இங்கே எழுத்தில் போடுகிறேன்.

குறை எந்த இனம் என்று முதலில் பிரியுங்கள்

எல்லாக் குறையையும் ‘பக்’ (மென்பொருள் பிழை) என்று ஒரே சாக்கில் போட்டுக் கட்டுவது பெரிய வழக்கமாகிவிட்டது. மூன்று இனம் இருக்கிறது.

ஒன்று, உடைந்த கேம். அதைச் செய்தவர்களே இப்படி வரவேண்டும் என்று நினைக்கவில்லை. 2003இல் வந்த ‘பிக் ரிக்ஸ்’ லொறி ஓட்டக் கேமில், போட்டிக்கு நிற்கிற லொறி தொடங்கின இடத்தைவிட்டு அசையாது. கட்டடத்துக்குள்ளால் உங்கள் லொறி காற்றுப்போலப் போகும். ரிவேர்ஸில் போனால் வேகத்துக்கு எல்லையே கிடையாது. வென்றதும் திரையில் வருகிற ஆங்கில வசனத்திலும் பிழை. மல்யுத்தம் பார்க்கிற எங்கள் ஆட்களுக்கு இன்னும் கிட்டின உதாரணம் ‘டபிள்யூடபிள்யூஈ 2கே20’. 2019 ஒக்டோபரில் வந்தது. 2020 ஜனவரி 1ஆம் திகதி கேம் ஓட மறுத்தது. திகதியைப் பழைய வருடத்துக்குத் தள்ளி வைத்தவர்கள் விளையாடினார்கள், பிறகு பேட்ச் (திருத்தம்) வந்தது. அதற்கு அடுத்த வருடக் கேமை வெளியிடாமலே விட்டார்கள். கிரிக்கெட்டிலும் ஒன்று இருக்கிறது: ‘ஆஷஸ் கிரிக்கெட் 2013’. அந்த வருடம் நவம்பரில், பீசி கேம் விற்கிற ஸ்டீம் என்ற இணையக் கடையில் விற்பனைக்கு வந்து சில நாட்களிலேயே மீளப்பெற்று, வாங்கினவர்களுக்குக் காசைத் திருப்பிக் கொடுத்தார்கள். இந்த இனத்துக்குக் கருத்து எழுத மெனக்கெட வேண்டாம். எங்கே உடைகிறது, எத்தனை தரம் உடைகிறது, விளையாட ஏலுமா ஏலாதா என்று மூன்று வரி போதும்.

இரண்டு, பிழையாகத் தீர்மானித்த கேம். சொப்ட்வெயர் ஓடும், யோசனைதான் கோணல். ‘ஃபோல்அவுட் 76’ 2018 நவம்பரில் வந்தபோது அந்தப் பெரிய உலகத்தில் கதைப்பதற்குக் கணினி மனிதர் ஒருவரும் இல்லை. ரோபோவும் ஒலிநாடாவும் கடதாசியும்தான். அது பக் இல்லை, அப்படித்தான் கட்டினார்கள். பிறகு 2020 ஏப்ரலில் ‘வேஸ்ட்லேண்டர்ஸ்’ என்ற அப்டேட்டில் மனிதர்களைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். இந்த இனத்துக்கு எழுதும்போது இரண்டு விஷயம் வேண்டும்: அவர்கள் எதைச் செய்யப் பார்த்தார்கள், அது விளையாடுகிறவன் கையில் என்னவாகிப் போனது.

மூன்றாவது, சுமார். ஒன்றும் உடையவில்லை, பெரிய பிழையும் இல்லை. இருந்தும் கொன்ட்ரோலரை வைத்துவிட்டுப் பிளேன்டீக்குப் போனவன் திரும்பி வரமாட்டான். பிஎஸ் 4 கூடவே 2013இல் வந்த ‘நாக்’ இந்த இனம். அந்த இயந்திரத்தை வடிவமைத்த மார்க் சேர்னியே இயக்கிய கேம். சின்னத் துண்டுகள் சேரச் சேர உங்கள் ஆள் வளர்ந்து கட்டடம் அளவுக்கு வருவான். கேட்க நல்லாயிருக்கிறதா? எப்போது வளர வேண்டும், எப்போது சிறுக்க வேண்டும் என்பதைக் கேம்தான் முடிவெடுக்கும். நீங்கள் அடி, குதி, விலகு என்று இருக்க வேண்டியதுதான்.

‘போர் அடிக்குது’ என்றால் எந்த நேரத்தில்?

சுமாரைப் பிடிக்க நான் பொடியன்களிடம் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: கடைசி அரை மணித்தியாலத்தில் செய்த எதையாவது முதல் மணித்தியாலத்தில் செய்யாமல் இருந்தாயா?

‘மாஃபியா 3’ஐ எடுங்கள். 2016இல் வந்தது. 1968ஆம் ஆண்டு, நியூ ஓர்லியன்ஸ் சாயலில் நியூ போர்டோ என்று ஒரு நகரம், வியட்நாம் போரிலிருந்து வந்த லிங்கன் கிளே என்ற கறுப்பின இளைஞன். தொடக்கம் அபாரம். கடைக்குள் நுழைந்தாலே வெள்ளைக்காரன் முறைக்கிற முறைப்பு, அந்தக் காலத்துப் பாட்டு, ஆவணப்படம் மாதிரிக் கதை சொல்கிற விதம், எல்லாமே ஆளை இருத்தி வைக்கும். மறுகா வேலை தொடங்கும். ஒரு பகுதிக்குப் போ. தகவல் தருகிறவனோடு கதை. அங்குள்ள சட்டவிரோத வியாபாரத்துக்கு இத்தனை டொலர் நட்டம் வை, அதாவது சாமானை உடை, ஆட்களைக் கொல். நட்டம் நிரம்பினதும் பொறுப்பானவன் வெளியில் வருவான். அவனைக் கொல், அல்லது உன் பக்கம் எடு. அந்தப் பகுதியைக் கசாண்ட்ரா, பர்க், விட்டோ மூவரில் ஒருவருக்குக் கொடு. அடுத்த பகுதிக்குப் போ. திரும்பவும் தகவல் தருகிறவன். ஒரே தாவலில் போய்ச் சேரவும் வழியில்லை, நகரத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஒவ்வொரு தடவையும் காரை ஓட்டித்தான் போக வேண்டும்.

இதற்குக் கொப்பியில் முதலில் ஒருவன் எழுதினது ‘ஒரே மாதிரி’ என்ற இரண்டு சொல். பிழையில்லை. ஆனால் ஒரே மாதிரி என்பதைப் பந்தடிக் கேமுக்கும் சொல்லலாம். ஒவ்வொரு மேட்சும் பதினொரு பேர், ஒரு பந்து. அது அலுக்கவில்லையே? எதிரில் இருப்பவன் மாறுகிறான், அதனால். மாஃபியாவில் எதிரியும் மாறவில்லை, நான் செய்ய வேண்டியதும் மாறவில்லை, போகிற தூரம் மட்டும் நீளுகிறது. இப்படி அந்தச் சுற்றைப் பிரித்து எழுதினால், ‘அதெல்லாம் எனக்குக் காரியமில்ல, கதைக்காக விளையாடுவன்’ என்கிறவன் தைரியமாக எடுப்பான். அவன் எடுப்பது சரியும்தான், கதை அந்தளவு நல்லது.

எத்தனை மணித்தியாலம் விளையாடினபிறகு எழுதலாம் என்று கேட்பார்கள். முடித்தே ஆகவேண்டும் என்று சட்டமில்லை. ஆனால் எங்கே நிறுத்தினீர்கள் என்று எழுத வேண்டும். முதல் ஒரு மணித்தியாலம் எல்லாக் கேமும் மாப்பிள்ளை அழைப்பு மாதிரித்தான் நடக்கும், பழக்குகிற பகுதி முடிந்து கேம் உங்களைத் தனியே விட்டபிறகுதான் சுயரூபம். ஸ்டீமில் வாங்குகிறவர்களுக்கு இதில் ஒரு நெருக்கடி இருக்கிறது: வாங்கி 14 நாளுக்குள், விளையாடின நேரம் 2 மணித்தியாலத்துக்குக் குறைவாக இருந்தால்தான் காசைக் கேட்டு வாங்கலாம். சுமாரான கேமின் சுமார்த்தனம் பெரும்பாலும் மூன்றாம் மணித்தியாலத்தில்தான் வெளிக்கும். அந்த மூன்றாம் மணித்தியாலத்தில் என்ன நடக்கிறது என்று நீங்கள் எழுதி வைத்தால், வாங்கமுன் படிக்கிறவனுக்கு அதைவிட உதவி இல்லை.

கேமைத் திட்டமுன் டிவியைப் பாருங்கள்

சாய்ந்தமருதிலிருந்து வருகிற ஒரு தம்பி கிரிக்கெட் கேம் விளையாடிவிட்டு, ‘அண்ணன், பேட் பிந்தித்தான் வருது, கேம் பிழை’ என்று கொப்பியைக் கையில் எடுத்துவிட்டான். நான் அதே டிஸ்க்கை மற்ற டிவியில் போட்டுக் கொடுத்தேன். பவுண்டரி. முதல் டிவியில் யாரோ படம் பார்க்கிற செட்டிங்கைப் போட்டு வைத்திருக்கிறார்கள், அசைவை வழுவழுப்பாக்குகிற அந்த வேலைக்கு டிவி எடுக்கிற நேரம்தான் பேட்டைப் பிந்த வைத்தது. ‘கேம் மோட்’ போட்டதும் சரி.

ஆகவே எழுதமுன் இதைப் பாருங்கள்: டிவி கேம் மோடில் இருக்கிறதா, கொன்ட்ரோலர் குச்சி தானாக ஒரு பக்கம் இழுக்கிறதா, டிஸ்க்கில் கீறல் இருக்கிறதா, ஒன்லைன் கேம் என்றால் வைஃபையா வயரா, சேர்வர் சிங்கப்பூரிலா அதைவிடத் தூரத்திலா. வீட்டில் எல்லாரும் நாடகம் பார்க்கிற நேரத்தில் ஒன்லைனில் பந்தடித்துவிட்டு ‘லேக்’ (பிந்துது) என்று கேமைத் திட்டினால் கேம் என்ன செய்யும்? களவாகப் பிரதி எடுத்த டிவிடி, பூட்டு உடைத்த கிராக் கேம் விளையாடிவிட்டு எழுதுகிறவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். அதில் பேட்ச் ஒன்றும் இருக்காது. எட்டு மாதத்துக்கு முன்பே திருத்தின குறையை நீங்கள் இன்றைக்குக் கண்டுபிடித்ததாக எழுதுவீர்கள்.

எந்த மிசின், எந்த வேர்ஷன்

கருத்தின் தலையில் மூன்று விபரம் போட வேண்டும்: எந்த மிசின், கேமின் வேர்ஷன் இலக்கம், திகதி. ஏன் என்றால், இந்தக் காலத்தில் கேம் வெளிவந்தபிறகும் மாறிக்கொண்டே இருக்கிறது.

‘நோ மேன்ஸ் ஸ்கை’ 2016 ஓகஸ்டில் வந்தபோது, ஒரே கிரகத்தின் ஒரே இடத்துக்கு வந்த இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்க்க முடியாமல் நின்றார்கள். ஏச்சு மழை. 2018 ஜூலையில் சேர்ந்து விளையாடுகிற வசதி ஒழுங்காக வந்தது, காசும் கேட்கவில்லை, பிஎஸ் 4 வைத்திருந்தவர்களுக்கும் கிடைத்தது. 2016இல் எழுதின கருத்தைப் படித்து இன்றைக்கு முடிவெடுத்தால் பிழைத்துப் போகும்.

‘சைபர்பங்க் 2077’ கதை வேறு. 2020 டிசம்பர் 10இல் பக் மலிந்து வந்து, ஒரு கிழமையில் பிளேஸ்டேஷன் செய்கிற சோனி அதைத் தன் கடையிலிருந்தே தூக்கியது. அடுத்த வருடம் ஜூனில் திரும்ப வைத்தது. 2023 செப்டெம்பரில் 2.0 அப்டேட் வந்தது, உலகமே ‘இப்ப சரியாகிட்டு’ என்றது. அந்த 2.0 பிஎஸ் 4க்கு வரவே இல்லை. அப்போது பிஎஸ் 5, புது எக்ஸ்பொக்ஸ், பீசி மட்டும்தான். எங்கள் பக்கத்தில் இன்னும் அதிகம் ஓடுவது பிஎஸ் 4. ‘சைபர்பங்க் இப்ப தங்கம்’ என்று மிசின் பெயர் போடாமல் எழுதினால், அதை நம்பி பிஎஸ் 4 டிஸ்க் வாங்குகிற அக்கரைப்பற்றுப் பொடியனுக்கு யார் பதில் சொல்வது?

திருத்துகிறோம் என்று கெடுத்ததையும் கவனியுங்கள். ‘ஜிடிஏ சான் அண்ட்ரியாஸ்’ தெரியாத ஆள் இந்த ஊரில் இல்லை. 2004இல் வந்த மூலத்தில் தூரத்தில் ஒரு புகைமூட்டம் இருக்கும், அதனால் ஒரு நகரத்திலிருந்து மற்ற நகரத்துக்குப் போவது நெடும்பயணம் மாதிரித் தெரியும். 2021 நவம்பரில் வந்த புதுப்பித்த தொகுப்பில் அந்தப் புகையை எடுத்துவிட்டார்கள். மலையில் ஏறி நின்றால் மூன்று நகரமும் கைக்கெட்டுகிற தூரத்தில் தெரிந்தன, நாடே ஒரு விளையாட்டு மைதானமாகச் சுருங்கிப்போனது. மழை பெய்தால் ரோட்டுத் தெரியாது. கடைப் பலகை எழுத்துகளில் சில பிழையாக வந்திருந்தன. வெளியிட்ட ரொக்ஸ்டார் நிறுவனம் மன்னிப்புக் கேட்டு, பீசி கடையில் பழைய கேம்களையும் திரும்ப வைத்தது. இதை எழுதும்போது ‘பழசுதான் நல்லம்’ என்று பெருமூச்சு விட்டால் ஒருவருக்கும் பயனில்லை. புகையை எடுத்ததால் என்ன போனது என்று எழுதுங்கள்.

கை என்ன செய்தது என்று எழுதுங்கள்

‘கிராபிக்ஸ்’, ‘ஸ்டோரி’, ‘கேம்பிளே’ என்ற மூன்று தலைப்பையும் மறந்துவிடுங்கள். அவை பரீட்சைத் தாள் மாதிரி ஆளைக் கட்டிப்போடும். கை எந்த பட்டனை அமத்தியது, திரையில் என்ன நடந்தது, எதை எதிர்பார்த்தீர்கள் என்ற மூன்றும் இருந்தால் கருத்துத் தானாக வரும்.

ஏ.எல். படிக்கிற ஒருவன் ‘தி ஓர்டர்: 1886’க்கு எழுதினது: ‘கிராபிக்ஸ் வேற லெவல். ஆனா போர்.’ நான் கால் மணித்தியாலம் கொடுக்கவில்லை. ‘எங்க மனே போர் அடிச்சது?’ என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தான். ‘நடக்கக்குள்ள’ என்றான். எங்கே நடந்தாய், ஓடினாயா, ஓட விடவில்லையா, சண்டை எப்படி, எந்தத் துவக்கு என்று இழுத்து இழுத்துக் கேட்டபிறகு அவன் எழுதினதை அப்படியே தருகிறேன்:

‘துவக்குச் சண்டை நல்லம். ஆனா சண்ட முடிஞ்சா மெல்ல நடக்க வேணும், ஓட ஏலாது, பக்கத்தில வாறவன் கதைக்கிறதக் கேட்டுக்கொண்டே போகணும். தேர்மைட் துவக்குத்தான் உள்ளதுக்குள்ள நல்லம், முதல்ல தூளத் தூவி மறுகா பத்த வைக்கிறது. அதக் கொஞ்ச இடத்திலதான் தாறானுகள். படம் பாக்கிற மாதிரி மேலயும் கீழயும் கறுப்புப் பட்டி, எங்கட கடை சின்ன டிவில ஆள் இன்னும் சின்னதாத் தெரியுது. ஓநாய் மனிசனோட கத்திச் சண்ட ஒண்டு நடுவில வரும், கடைசிச் சண்டயும் கிட்டத்தட்ட அதேதான். ரெண்டு பேர் விளையாட ஏலாது. ஒருக்கா பாக்கலாம், வாங்கத் தேவல்ல.’

இதுதான் கருத்து. இதைப் படித்துவிட்டு அந்த டிஸ்க்கை மறுபடி வாங்கி வைக்கும் எண்ணத்தை விட்டேன். அவனுக்கு அரை மணித்தியாலம் கொடுத்தேன். இதில் ஒரு நல்லதும் உள்ளே வந்துவிட்டதைப் பாருங்கள். நல்லதாக ஒன்று சொல்லியே ஆகவேண்டும் என்ற மரியாதைக்கு வந்தது இல்லை அது. எதைக் குறைவாகத் தந்தார்கள் என்று காட்ட, எது நல்லது என்று சொல்லித்தான் ஆக வேண்டும்.

ஏன் இப்படி வந்தது என்று ஊகிக்காதீர்கள்

‘செஞ்சவனுகள் சோம்பேறி’, ‘காசுக்கு ஆசைப்பட்டு அவசரமா விட்டுட்டான்’ என்ற வசனங்களை நான் சிவப்புப் பேனையால் வெட்டிவிடுவேன். நோயைச் சொல்லுங்கள், காரணத்தை உள்ளே இருந்தவன்தான் சொல்ல முடியும்.

‘ஏலியன்ஸ்: கொலோனியல் மரீன்ஸ்’ 2013 பெப்ரவரியில் வந்தது. அதில் வருகிற வேற்றுக்கிரகப் பிராணிகள் மூளையில்லாத மாதிரி நேரே ஓடிவந்து துவக்குக்கு முன்னால் நிற்கும். எல்லாரும் செய்தவர்களின் திறமையைத் திட்டினார்கள். ஐந்து வருடம் கழித்து, 2018இல், கேமின் செட்டிங் கோப்பு ஒன்றில் ஒரு சொல்லில் ஓர் எழுத்துக் கூடிக் கிடந்தது தெரியவந்தது. ஆங்கிலத்தில் ‘டெதர்’ என்ற சொல்லுக்கு நடுவில் ஒரு ‘ஏ’. அந்த எழுத்தை அழித்தால் பிராணிகள் முன்னைவிட ஒழுங்காகச் சுற்றிவளைத்து வந்தன. வேறு குறைகளும் அந்தக் கேமில் இருந்தன, அது வேறு. ஆனால் வெளியில் நின்று ‘சோம்பேறி’ என்றவர்களில் ஒருவராவது ஓர் எழுத்தைச் சந்தேகித்தாரா? ‘எதிரி சுவருக்குப் பின்னால் ஒளிய வராமல் நேரே ஓடிவருகிறது’ என்று எழுதினவனின் கருத்துத்தான் இன்றைக்கும் சரியாக நிற்கிறது.

காரணம் எல்லாருக்கும் தெரிந்து பதிவாகியிருந்தால் எழுதலாம். அட்டாரி நிறுவனத்தின் மோசமான ‘ஈ.டி.’ கேம், 1982இல் நத்தாருக்கு முன் கடைக்கு வரவேண்டும் என்று ஹவர்ட் ஸ்கொட் வோர்ஷோ ஏறத்தாழ ஐந்து கிழமையில் செய்தது. அதை அவரே சொல்லியிருக்கிறார். அப்படிப் பகிரங்கமானது மட்டும்.

புள்ளி போடுவதானால்

என் கொப்பியில் புள்ளி கிடையாது. விமர்சகர்களின் புள்ளிகளைச் சேர்த்துக் காட்டுகிற மெட்டாகிரிட்டிக் தளத்தில் 75உம் அதற்கு மேலும் பச்சை, 50 முதல் 74 வரை மஞ்சள். ஸ்டீமில் 40 முதல் 69 வீதம் பேர் நல்லம் என்றால் ‘கலவை’ என்று காட்டும். இந்த மஞ்சளுக்குள்ளும் கலவைக்குள்ளும்தான் நம் சுமார் கேம் எல்லாம் ஒன்றோடொன்று அடையாளம் தெரியாமல் கிடக்கிறது. ஆனால் அந்த இலக்கத்தால் ஆட்களுக்குச் சோறும் போகும். ‘ஃபோல்அவுட்: நியூ வேகாஸ்’ மெட்டாகிரிட்டிக்கில் 85 எடுத்தால் செய்தவர்களுக்குப் போனஸ் என்று ஒப்பந்தம். எடுத்தது 84. போனஸ் இல்லை என்று அதைச் செய்த ஒப்சிடியனின் இணை நிறுவனர் கிறிஸ் அவெலோன் 2012இல் வெளியில் சொன்னார். இன்றைக்கு அந்தக் கேமைக் கொண்டாடாதவர் குறைவு.

புள்ளிக்குப் பதில் காசைப் போடுங்கள். 60 டொலர் கேம், டொலர் 300 ரூபா என்றால் 18,000 ரூபா. 2022இல் டொலர் 200இலிருந்து 360ஐத் தாண்டினபோது அதே கேமின் விலை எங்களுக்கு ஏறத்தாழ இரட்டிப்பானது, கேம் ஒரு துளி மாறவில்லை. ‘முழு விலைக்கு வேண்டாம், பாதி விலைக்கு எடுக்கலாம்’, ‘கூட்டாளியிடம் இரவல் வாங்கினால் போதும்’, ‘சும்மா தந்தாலும் டவுன்லோட் டேட்டா நட்டம்’ என்று எழுதுங்கள். எல்லாருக்கும் விளங்கும்.

வெளிநாட்டு விமர்சகர் எழுதாத, ஆனால் இங்கே கட்டாயம் எழுத வேண்டிய விஷயங்களும் உண்டு. சேவ் ஆகிற இடம் எவ்வளவு கிட்டக் கிட்ட இருக்கிறது? 2022 கரண்ட் வெட்டுக் காலத்தில் இதுவே எனக்கு முதல் கேள்வியாக இருந்தது, இருபது நிமிடத்துக்கு ஒருக்கால் மட்டும் சேவ் ஆகிற கேமை ஒருவரும் தொட மாட்டார்கள். டிஸ்க்கைப் போட்டதும் எத்தனை ஜிபி இறக்கச் சொல்கிறது? இணையம் இல்லாமல் ஓடுமா? எழுத்துச் சின்னத் திரையில் வாசிக்கலாமா? ஒரே டிவியில் இரண்டு பேர் விளையாடலாமா? கடைசிக் கேள்விக்கு ‘ஆம்’ என்றால், கேம் எவ்வளவு சுமாராக இருந்தாலும் என் கடையில் ஓடும். பக்கத்தில் இருக்கிறவனை வெல்கிற சந்தோஷத்துக்குக் கிராபிக்ஸ் தேவையில்லை. கொனாமியின் பந்தடிக் கேமான பீஈஎஸ்ஸின் இடத்துக்கு ‘ஈஃபுட்போல்’ 2021 செப்டெம்பரில் கோணல் முகங்களோடு வந்து, கொனாமி மன்னிப்புக் கேட்ட பிறகும், எங்கள் பொடியன்கள் பழைய பீஈஎஸ்ஸையே போட்டுக்கொண்டு சண்டை பிடித்தார்கள்.

போன் கேமுக்கு இவ்வளவு நீட்டத் தேவையில்லை. எத்தனை நிமிடத்துக்கு ஒரு விளம்பரம், காசு கட்டாமல் எந்தக் கட்டம்வரை போகலாம், போன் எவ்வளவு சுடுகிறது. முடிந்தது.

எழுதினபிறகு

வேறொருவன் உங்கள் கருத்தை மறுத்தால் அதன்மேல் கோடு கீறக் கூடாது. கீழே எழுத வேண்டும், அவனும் மிசின், வேர்ஷன், திகதி போட்டு. அப்டேட் வந்து குறை போயிருந்தால் எழுதினவரே திரும்பி விளையாடிப் பார்த்துப் பக்கத்தில் ஒரு வரி சேர்க்கலாம். பழைய வரி அங்கேயே இருக்கட்டும். வெளிவந்த அன்று காசு கட்டினவனுக்குக் கிடைத்தது அந்தக் கேம்தானே.

‘அந்தம்’ என்ற கேமுக்கு எங்கள் கொப்பியில் ஒரு பக்கம் முழுக்க இருக்கிறது. 2019 பெப்ரவரியில் வந்தது, பயோவெயர் செய்தது. இரும்புக் கவசம் போட்டுப் பறக்கிறது. பறப்பது மட்டும் வேறெந்தக் கேமிலும் காணாத சுகம். நெடுநேரம் பறந்தால் இயந்திரம் சூடாகி ஆள் விழுவான், ஒரு நீர்வீழ்ச்சிக்குள்ளால் பாய்ந்து போனால் சூடு தணிந்து மேலும் பறக்கலாம். தரையில் இறங்கினால் அதே மூன்று விதச் சண்டை, சண்டைக்குச் சண்டை லோடிங் திரை. ‘பறக்க 10, இறங்க 3’ என்று மருதமுனைப் பொடியன் ஒருவன் எழுதியிருக்கிறான். புள்ளி போடக் கூடாது என்ற என் சட்டத்தை மீறியும் அதை வெட்டாமல் விட்டேன். திருத்திப் புதிதாக்குகிறோம் என்று தொடங்கின வேலையை 2021இல் கைவிட்டார்கள். சேர்வரை 2026 ஜனவரி 12இல் மூடுவதாக, கேமை வெளியிட்ட ஈஏ அறிவித்தது. சேர்வர் இல்லாமல் அந்த டிஸ்க் ஓடாது. அப்படியான கேம் உங்களிடம் இருந்தால், பூட்டமுன் விளையாடி, எங்கே பிடித்தது, எங்கே விட்டது என்று எழுதி வையுங்கள். பிறகு ஒருவன் கேட்டால் போட்டுக் காட்ட ஏலாது.